மாதிரிப் படிவத்தில் இருந்தவர்

1

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை கதையாகப் பிறக்கவில்லை. அரசாங்கச் சுற்றறிக்கை ஒன்றின் வாலில், நான்காம் இணைப்பாகப் பிறந்தது. மொத்தம் ஒன்றரைப் பக்கம். எழுதியவர் பெயர் கிடையாது, அட்டைப்படம் கிடையாது, விலை கிடையாது. ஆயிரத்து நூறு பிரதி எடுத்து ஊர் ஊராக அனுப்பினார்கள். அதற்குப் பிறகு ஆறு புத்தகம் போட்டுவிட்டேன். ஆறையும் சேர்த்தால்கூட அத்தனை பேர் வரி விடாமல் படித்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அது நடந்து இருபத்துமூன்று வருடம் ஆகிறது. அந்தக் கட்டடத்தில் இப்போது வேறு ஏதோ அலுவலகம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு, வாசலில் யாரும் உட்கார்ந்துவிடாதபடி செடி வைத்திருக்கிறார்கள். பேருந்தில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் இரண்டாம் மாடியை அண்ணாந்து பார்க்கிறேன். அங்கே ஒரு நீள ஹால் இருந்தது. நாற்பத்தாறு மேஜைகள். இரும்பு அலமாரிகளை முதுகோடு முதுகு ஒட்டி வைத்து, அதையே சுவராக்கிப் பிரிவு பிரித்திருந்தார்கள். பசைப் புட்டி, குண்டூசிப் பெட்டி, கோப்பு கட்டும் நாடா, வேகம் குறையவே குறையாத மின்விசிறி, அதற்குப் பயந்து ஒவ்வொரு மேஜையிலும் தாளின் தலையில் ஏற்றி வைத்த கல். (கல்லுக்குப் பதிலாகக் கண்ணாடிக் குண்டு வைத்திருந்தவர்கள் பதவி உயர்வு பெற்றவர்கள் என்று அர்த்தம்.) அந்த இடத்தை விட்டு வந்ததில் எனக்கு வருத்தமே இல்லை என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். ரொம்பவே ஏங்குகிறேன். அங்கே நான் செய்த ஒரு காரியம் மட்டும் நடக்காமல் இருந்திருந்தால், இந்த ஏக்கத்தை நிம்மதியாக அனுபவித்திருப்பேன்.

அந்தக் காரியம்தான் கதை.

2

தொடக்கம் மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்றையும் அழிக்காமல் வைக்கிறேன், நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஆலோசகர்கள் வந்து இறங்கிய காலையில் மழை பிடித்துக்கொண்டு…"

(மழையே இல்லை. கதை என்றால் மழை பெய்தாக வேண்டும் என்று எனக்கு ஒரு வியாதி.)

"பொதுத்துறை ஊதியக் கொள்கையில் காலத்துக்கேற்ற சீரமைப்பு இன்றியமையாதது என்பதில் இருவேறு கருத்துகளுக்கு…"

(இது சுற்றறிக்கை. பழக்க தோஷம்.)

"நான் ஒரு பாவி…"

(நாடகம். படித்தவுடன் எனக்கே கூச்சமாக இருந்தது.)

கடைசியில், தள்ளி நின்று சொல்வதுதான் சரி என்று பட்டது. எனவே அந்த ஆளை இனி 'வரைவாளர்' என்று அழைக்கப்போகிறேன். ஹாலிலும் அவருக்கு அதுதான் பெயர். யாருக்குக் கடிதம் எழுதவேண்டியிருந்தாலும், மேலிடத்துக்கு மன்னிப்புக் கேட்கவேண்டியிருந்தாலும், கீழிடத்தை மிரட்டவேண்டியிருந்தாலும், வரைவு போட அவர் மேஜைக்குத்தான் வரும். வயது நாற்பத்திரண்டு. ஒரே மகள், கல்லூரியில் காலடி வைக்கப் போகிறாள். வீட்டு அலமாரியில், துணிகளுக்கு அடியில், யாருக்கும் காட்டாத பதினோரு சிறுகதைகள்.

வரைவாளர் நான்தான் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் 'நான்' என்று எழுத ஆரம்பித்தால் கை தானாகவே என்னைக் கொஞ்சம் நல்லவனாக்கிவிடுகிறது. 'அவர்' என்றால் அந்தச் சலுகை கிடைக்காது.

3

சீரமைப்பு தேவையாகத்தான் இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் கதை எளிதாகிவிடும். வெளியிலிருந்து வந்தவர்கள் வில்லன்கள், உள்ளே இருந்தவர்கள் அப்பாவிகள் என்று ஓட்டிவிடலாம். நடந்தது அப்படி இல்லை.

அன்றைக்கு எங்கள் துறைகளில் இருநூற்றுப் பதினான்கு ஊதிய விகிதங்கள் இருந்தன. ஒரே வார்டில், ஒரே நோயாளியை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கும் இரண்டு செவிலியருக்கு இரண்டு சம்பளம், ஒருவர் மார்ச்சில் சேர்ந்தவர், மற்றவர் ஏப்ரலில் சேர்ந்தவர் என்பதற்காக. காரில் வருகிறவருக்கு மிதிவண்டிப் படி உண்டு. மின்சாரம் வந்து ஒரு தலைமுறை கழிந்த பிறகும் ஏழு பேருக்கு விளக்குப் படி போய்க்கொண்டிருந்தது. ஏன் என்று கேட்டால், நிறுத்தச் சொல்லி ஆணை இல்லை என்பார்கள். அது உண்மையும்கூட.

இந்தச் சிக்கலை அவிழ்க்க ஓர் ஆலோசனைக் குழுவை நியமித்தார்கள். தலைமை நிபுணரும் இரண்டு உதவி நிபுணர்களும். தலைமை நிபுணர் ஒல்லியான மனிதர். வெந்நீர் மட்டும் குடிப்பார். நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்பார். முதல் கூட்டத்தில் அவர் சொன்னது வரைவாளருக்கு அப்படியே நெஞ்சில் இறங்கியது.

"பேரைப் பாத்துச் சம்பளம் போடாதீங்க. வேலையைப் பாத்துப் போடுங்க. அதுக்கு, யார் என்ன வேலை செய்யறாங்கன்னு அவங்களே சொல்லணும்."

அதற்காக ஒரு படிவம். ஒவ்வொரு பணியிடத்திலிருந்தும் ஒருவர், தான் அன்றாடம் என்ன செய்கிறார் என்பதைத் தன் வார்த்தையில் எழுதவேண்டும். அதை வைத்து அறிவு, பொறுப்பு, உழைப்பு, சூழல் என்று நான்கு தலைப்பில் மதிப்பெண். மதிப்பெண்ணை வைத்து நிலை. நிலையை வைத்துச் சம்பளம். இருநூற்றுப் பதினான்கு, பன்னிரண்டாகிவிடும்.

வரைவாளரைக் குழுவுக்கு அயற்பணியில் அனுப்பினார்கள். வேலை முடிந்ததும் புதிதாக அமையவிருந்த ஊதியக் கொள்கைப் பிரிவில் அவருக்கு ஓர் இடம் என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். மகளின் கல்லூரி, துணிக்கு அடியில் இருந்த கதைகள், இரண்டுக்கும் அந்த இடத்தில் வழி இருப்பதாக அவர் நம்பினார்.

4

இப்போது அவரைக் கொண்டுவரவேண்டும். (இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு நான்கு நாள் உலாவினேன்.)

ஹாலின் வடக்கு மூலையில் பணிப்பதிவேட்டுப் பிரிவு. ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவேடு உண்டு. சேர்ந்த நாள் முதல் ஓய்வுபெறும் நாள் வரை, எங்கே வேலை பார்த்தார், எப்போது விடுப்பு, எல்லாம் அதில் ஏறும். இடையில் சில மாதங்கள் விடுபட்டிருந்தால், அந்த மாதங்கள் பணிக்கணக்கில் சேராது. ஆள் வேலை பார்த்திருப்பார், தாள் பார்க்கவில்லை என்று சொல்லும். ஓய்வுபெற்ற பிறகு அலைவார்.

அந்தப் பதிவேடுகளைக் காத்தவரை ஹாலில் 'தேதியம்மா' என்பார்கள், முதுகுக்குப் பின்னால். முகத்துக்கு நேரே 'அக்கா'. வயது ஐம்பத்தேழு. பதவி: பதிவேட்டு எழுத்தர், நிலை மூன்று. விதிப்படி அவர் வேலை, வருகிற தாளைப் பதிவேட்டில் ஏற்றுவது, கையொப்பம் வாங்குவது, அடுக்குவது.

அவர் செய்தது வேறு. இரண்டு வருடத்தில் ஓய்வுபெறப் போகிறவர்களின் பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு, நாள் நாளாகத் தடவிப் பார்ப்பார். ஓட்டை தெரிந்தால் கிளம்பிவிடுவார். அந்த வருடத்து வருகைப் பேரேடு எந்தக் கிடங்கில் கிடக்கிறது, அப்போது அங்கே மேலாளராக இருந்தவர் உயிரோடு இருக்கிறாரா, சம்பளப் பட்டியலின் நகல் யாரிடமாவது உண்டா? தொலைபேசியில் கேட்பார், கிடைக்காவிட்டால் நேரில் போவார், விடுப்புப் போட்டுவிட்டுப் போவார். மூடிய அச்சகத்தின் மாடியில் எலி கடித்த பேரேட்டிலிருந்து ஓர் ஓட்டுநரின் ஆறு மாதத்தைக் கொண்டுவந்தார். யாரும் அவரிடம் செய்யச் சொல்லவில்லை. ஏன் செய்கிறார் என்று யாரும் கேட்கவும் இல்லை.

(சந்தேகம்: அவரை ரொம்ப நல்லவராக்குகிறேனோ? அப்படியானால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கத்தரிக்கோலை யாருக்கும் தரமாட்டார். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் எரிந்து விழுவார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் கன்னத்தில் கை வைத்துத் தூங்குவார்; எழுப்பினால், தூங்கவில்லை, யோசித்துக்கொண்டிருந்தேன் என்று சாதிப்பார். அவரிடம் என் மனைவியின் பிறந்த நாளைத் தப்பாகச் சொல்லி ஒருமுறை மாட்டிக்கொண்டேன், அது தனிக் கதை.)

5

படிவத்தோடு, அதை எப்படி நிரப்புவது என்று காட்ட ஒரு மாதிரியும் போகவேண்டும் என்றார் தலைமை நிபுணர். எழுதுகிற வேலை வரைவாளருக்கு. ஒரே ஒரு கட்டளை: மாதிரியில் வருகிற பணியிடம் முழுக்கக் கற்பனையாக இருக்கவேண்டும். நிஜமான பதவியை மாதிரியாகப் போட்டால், அந்தப் பதவிக்குச் சலுகை காட்டினார்கள் என்று சங்கங்கள் வழக்குப் போடும், எட்டு மாத உழைப்பு குப்பைக்குப் போகும்.

வரைவாளருக்குத் தலைகால் புரியவில்லை. கற்பனை செய்யச் சொல்லிச் சம்பளம் கொடுக்கிறார்கள். முதலில் 'வரைபட உதவியாளர்' என்று ஒரு பதவியை உண்டாக்கினார். நிபுணர் படித்துவிட்டு, இதில் ஆள் இல்லையே என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்து 'கிணறு ஆய்வாளர்'. அதிலும் ஆள் இல்லை. மூன்றாம் நாள், காலம் நெருக்கியது. வரைவாளர் தலையைத் தூக்கிப் பார்த்தார். வடக்கு மூலையில் தேதியம்மா ஒரு பழைய பேரேட்டை வெயிலில் சாய்த்துப் பிடித்து, மங்கிப்போன மையைப் படித்துக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரத்தில் ஒன்றரைப் பக்கம் வந்துவிட்டது. பதவியின் பெயரை மட்டும் 'ஆவணத் தொடர்பாளர்' என்று மாற்றினார். அப்படி ஒரு பதவி எங்கும் கிடையாது.

அந்த ஒன்றரைப் பக்கம் என்னிடம் இப்போது இல்லை. முதல் வரி மட்டும் மனப்பாடம்: "ஓய்வுபெறவிருப்பவர்களின் பதிவேடுகளில் விடுபட்ட நாட்களைத் தேடிக் கண்டுபிடிக்கிறேன்." கடைசியில் இரண்டு வரியை வரைவாளர் சொந்தமாகச் சேர்த்தார். விடுபட்ட நாட்களுக்கென்று தனியாக ஒரு நோட்டுப் போட்டு எழுதி வருவதாக ஒன்று. கண்டுபிடித்த நாட்களை உரியவரிடம் நேரில் போய்ச் சொல்வதாக ஒன்று. தேதியம்மாவிடம் அப்படி நோட்டு எதுவும் இல்லை. சிகரெட் அட்டை, உறையின் பின்பக்கம் என்று கிடைத்ததில் எழுதுவார். யாரிடமும் போய்ச் சொல்லவும் மாட்டார், பதிவேட்டில் ஏற்றி மூடிவிடுவார். ஆனால் கதை அந்த இரண்டையும் கேட்டது. (கதை கேட்டது என்று எழுத்தாளர்கள் சொன்னால் நம்பாதீர்கள். எழுத்தாளருக்கு ஆசை.)

நிபுணர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இவர் நிஜமாகவே எங்கேயாவது இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். வரைவாளருக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் விமர்சனம் அது. அன்று வீட்டுக்கு நடந்தே போனார், பேருந்துக்குக் காத்திருக்கப் பொறுக்கவில்லை.

6

படிவங்கள் ஆறு வாரத்தில் திரும்பி வந்தன. உதவி நிபுணர்கள் இருவரும் கட்டுக் கட்டாகப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார்கள். இரண்டாம் கட்டில் ஒருவர் சிரித்தார். நான்காம் கட்டில் இருவரும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

தண்ணீர்த் தொட்டியில் பம்பு இயக்குகிறவர் எழுதியிருந்தார்: ஓய்வுபெறவிருப்பவர்களின் பதிவேடுகளில் விடுபட்ட நாட்களைத் தேடிக் கண்டுபிடிக்கிறேன். பூங்காவில் செடி வெட்டுகிறவரும் அதையே தேடிக்கொண்டிருந்தார். மருத்துவமனைச் சலவைக்காரர், சுங்கச் சாவடிக் காசாளர், பள்ளி ஆய்வகத்தில் குடுவை கழுவுகிறவர், பிணவறை உதவியாளர், எல்லோரும். எண்ணிப் பார்த்தால் முன்னூற்றுப் பதினேழு பேர். ஒரு நாடே உட்கார்ந்து தொலைந்த நாட்களைத் தேடுவதுபோல் இருந்தது.

நிபுணருக்குப் புரியவில்லை. வரைவாளருக்கும் ஹாலில் இருந்த மற்றவர்களுக்கும் உடனே புரிந்தது. அரசாங்கத்தில் மாதிரி என்று ஒன்று வந்தால், அதை மாற்றி எழுதுகிறவர் விளக்கம் கேட்டு வரும் கடிதத்துக்குத் தயாராக இருக்கவேண்டும். முப்பது வருடம் அப்படித்தான் பழக்கியிருந்தோம். இவர்கள் முட்டாள்கள் இல்லை, அடிபட்டவர்கள். பம்பு இயக்குகிறவர் தன் படிவத்தை மூன்று தடவை அடித்தல் திருத்தல் இல்லாமல் படியெடுத்து, அதில் நல்ல கையெழுத்துள்ள பிரதியை அனுப்பியிருந்தார்.

தலைமை நிபுணர் நியாயமான மனிதர். முன்னூற்றுப் பதினேழு பேரையும் தூக்கி எறியாமல், ஒவ்வொருவரையும் நேரில் கூப்பிட்டுப் பத்து நிமிடம் பேசுவது என்று முடிவு செய்தார். வரைவாளர் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும்.

அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு நிறைகிறது. பேசச் சொன்னதும் அவர்கள் பேசினார்கள். பம்பு இயக்குகிறவர், குழாயில் உள்ளங்கையை வைத்தாலே எந்தத் தெருவில் கசிவு என்று தெரியும் என்றார். பிணவறை உதவியாளர், அடையாளம் காட்ட வருகிறவர்கள் மயங்கி விழுந்தால் பிடிக்க வசதியாக எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்று எழுந்து நின்று காட்டினார். நிபுணர் வெந்நீரை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். மதிப்பெண் ஏறியது. படிவத்தில் பொய் எழுதிய எல்லோரும் வாயால் உண்மையைச் சொன்னார்கள்.

முன்னூற்றுப் பதினேழு பேரில் தேதியம்மாவும் ஒருவர்.

7

(இந்தப் பகுதியின் முதல் வடிவத்தில், தேதியம்மா தன் வேலையைத் தன் சொந்த வார்த்தையில் எழுதியிருந்தார் என்றும், அது தற்செயலாக மாதிரியோடு ஒத்துப்போனது என்றும் எழுதினேன். படிக்க உருக்கமாக இருந்தது. அப்படி நடக்கவில்லை. அவரும் பார்த்துத்தான் எழுதினார். ஒரு வரி விடாமல்.)

மூன்றாம் வாரம் வியாழக்கிழமை காலை பதினொன்றரை. மேஜைக்கு அந்தப் பக்கம் தேதியம்மா. இந்தப் பக்கம் தலைமை நிபுணர், இரண்டு உதவி நிபுணர்கள், ஓரத்தில் வரைவாளர்.

நிபுணர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். இது நீங்களே எழுதியதா?

"இல்ல சார். மாதிரியப் பாத்து எழுதினேன்."

பரவாயில்லை, எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், இப்போது உங்கள் வேலையைச் சொல்லுங்கள் என்றார் நிபுணர் இதமாக.

தேதியம்மா சொன்னார். ஓய்வுபெறப் போகிறவர்களின் பதிவேட்டில் விடுபட்ட நாட்களைத் தேடிக் கண்டுபிடிப்பதாகச் சொன்னார். உதவி நிபுணர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர் இவர் ஒருவர்தான். நிபுணர் இன்னொரு தடவை கேட்டார், உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள் என்று.

"அதைவிட நல்லாச் சொல்ல எனக்கு வராது சார். நான் செய்யறது அதுல ஏற்கனவே இருந்துச்சு. ரெண்டு விஷயம் மட்டும் இல்லாம இருந்துச்சு. நோட்டுப் போடல, நேர்ல போய்ச் சொல்லல. எழுதிக் கையெழுத்துப் போடணும்னா பொய்யா இருக்கக் கூடாதில்ல. அதனால அதையும் செய்ய ஆரம்பிச்சேன்."

பையிலிருந்து நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார். நிபுணர் முதல் பக்கத்தைத் திருப்பினார். முதல் தேதி, சுற்றறிக்கை வந்து ஒன்பதாம் நாள்.

வரைவாளருக்கு அது தெரியாது. நோட்டும் தெரியாது, நேரில் போனதும் தெரியாது. தான் ஆசைக்குச் சேர்த்த இரண்டு வரியை ஒருவர் வாழ்ந்துகொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த நிமிடம் அவருக்கு வந்தது சந்தோஷமா பயமா என்று இருபத்துமூன்று வருடமாகப் பிரித்துப் பார்க்கிறேன், முடியவில்லை.

தேதியம்மா நிபுணரிடம் பேசுவதை நிறுத்திவிட்டு, யாரிடம் என்றில்லாமல் சொன்னார். "நேர்ல போய்ச் சொல்லும்போது அவங்க முகத்தப் பாக்கணுமே. எனக்கு இந்த வேலை இவ்வளவு பிடிக்கும்னே இத்தனை வருஷம் தெரியாது."

நிபுணர் நோட்டை மூடினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. மாதிரியைப் பார்த்துவிட்டு ஆதாரம் தயாரித்திருக்கிறார் என்று அவர் நினைத்தார். அவருக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் வேறு எதை நினைக்க முடியும்? ஆனாலும் அவசரப்படவில்லை. ஓரமாகத் திரும்பினார்.

"நீங்கதானே எழுதினீங்க. இந்த மாதிரி முழுக்கக் கற்பனைதானே?"

8

மூன்று முடிவுகள் வைத்திருக்கிறேன்.

ஒன்று. வரைவாளர் எழுந்து நிற்கிறார். "இல்ல சார். இவங்களப் பாத்துத்தான் எழுதினேன்." நிபுணர் திகைக்கிறார். சங்கங்கள் வழக்குப் போடுகின்றன. சீரமைப்பு தள்ளிப்போகிறது. ஊதியக் கொள்கைப் பிரிவில் இடம் கிடைக்கவில்லை. ஆனால் வடக்கு மூலையில்… (இதை நான்கு தடவை எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் முன்னைவிட நன்றாக வருகிறது. அதனாலேயே நம்பமுடியவில்லை.)

இரண்டு. அந்த நேரம் பார்த்து மின்சாரம் போய்… (வேண்டாம்.)

மூன்று. நான் சொன்னேன்: "ஆமா சார். கற்பனைதான்."

கவனித்தீர்களா, 'அவர்' போய்விட்டார். இதை அவர் தலையில் கட்ட முடியவில்லை.

தேதியம்மா என்னைப் பார்க்கவில்லை. நோட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார், நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினார், நன்றி சொல்லிவிட்டுப் போனார். கூட்டக் குறிப்பை நான்தான் தட்டச்சு செய்தேன். "இப்பணியாளரின் விவரம் நம்பத்தக்கதாக இல்லை. பதவியின் பெயரை வைத்து மதிப்பிடலாம்." பேரைப் பார்த்துச் சம்பளம் போடாதீர்கள் என்று ஆரம்பித்த சீரமைப்பில், பேரைப் பார்த்து மதிப்பிட்டது ஒரே ஒரு பணியிடத்தை.

சம்பளம் குறையவில்லை, இருப்பதைக் குறைக்கக் கூடாது என்று காப்பு விதி இருந்தது. வேறு ஒன்று நடந்தது. பதிவேட்டு எழுத்தர் இனிமேல் வந்த தாளை ஏற்றினால் போதும், தேடுதல் போன்ற பணிகள் இந்த நிலைக்கு உரியவை அல்ல என்று ஆணை வந்தது. அந்த ஆணைக்கும் வரைவு போட்டது யார் என்று கேட்காதீர்கள். ஓய்வுபெற அவருக்குப் பதினான்கு மாதம் இருந்தது. அந்தப் பதினான்கு மாதமும் வந்த தாளை ஏற்றினார், கையொப்பம் வாங்கினார், அடுக்கினார். மதியம் தூங்குவதை விட்டுவிட்டார். நான் புதிய பிரிவுக்குப் போய்விட்டேன். அது நல்ல பிரிவு. செவிலியர் இருவருக்கும் ஒரே சம்பளம் ஆனது, விளக்குப் படி நின்றது, பம்பு இயக்குகிறவர் இரண்டு நிலை மேலே போனார். இதெல்லாம் நடந்தது, நன்மைதான், அதில் என் பங்கும் உண்டு. என் மகள் படித்து முடித்தாள்.

9

கதை இங்கே முடிந்திருக்கும். எழுதாமலும் இருந்திருப்பேன்.

போன மாதம் கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டு வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். உலகம் முழுக்கப் பஞ்சாகத் தெரிந்தது. செவிலியரிடம் இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல், "வரைவாளரா?" என்றது.

எண்பது வயதாகிவிட்டது அவருக்கு. அவருக்கும் சொட்டு மருந்து. இருவருக்கும் மற்றவர் முகம் தெரியவில்லை, அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. ஹாலைப் பற்றிப் பேசினோம். யார் யார் போய்விட்டார்கள், மின்விசிறி யார் தலையில் விழுந்தது, மேற்கு ஜன்னல் கொக்கி கடைசி வரை சரிசெய்யப்படாதது. அவர் சொன்ன தேதிகள் எல்லாம் சரியாக இருந்தன. இவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் பேசி வருடக்கணக்காகிறது. பிறகு, என் புத்தகம் ஆறையும் படித்ததாகச் சொன்னார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அந்த ஒன்றரைப் பக்கத்துக்கு ஒண்ணும் பக்கத்துல வரல."

"அக்கா, அன்னைக்கு அந்த ரூம்ல…" என்று ஆரம்பித்தேன்.

அவர் நிறுத்தினார். குரல் உயரவே இல்லை. "எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே, படிச்ச அன்னைக்கே தெரியும். தெரியாதவங்க மூணு பேரு எதிர்ல உக்காந்திருந்தாங்க. அவங்ககிட்டல்ல சொல்லியிருக்கணும்."

செவிலியர் அவர் எண்ணைக் கூப்பிட்டார். எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டு உள்ளே போனார். நான் என் முறை வந்தும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

10

அந்த மூன்று பேரைத் தேடினேன். தலைமை நிபுணர் காலமாகி எட்டு வருடம். உதவி நிபுணர்களில் ஒருவருக்கு நினைவு தப்பிவிட்டது. இன்னொருவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த அறையையும் இடித்துவிட்டார்கள்.

அதனால்தான் இவ்வளவு நேரம் உங்களைக் கூடவே வைத்துக்கொண்டிருந்தேன். பொழுதுபோகச் சொன்னதாக நினைத்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். எனக்கு மேஜைக்கு அந்தப் பக்கம் ஆள் தேவைப்பட்டது. அவர் செய்த வேலை என்ன என்று உங்களுக்கு இப்போது அந்த மூன்று பேரைவிட அதிகமாகத் தெரியும். நோட்டின் முதல் தேதி ஏன் பிந்தியது என்பதும் தெரியும்.

முடிவு என்று நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. நான் எழுதினால் எனக்குச் சாதகமாக வந்துவிடும், அதை நீங்களே பார்த்தீர்கள். மதிப்பெண் போடுகிற வேலை உங்களுடையது: அறிவுக்கு எவ்வளவு, பொறுப்புக்கு எவ்வளவு, உழைப்புக்கு, சூழலுக்கு. அவருக்குப் போட்டு முடித்த பிறகு எனக்கும் போடுங்கள்.

அதற்கு முன்னால், நடுவில் இருக்கிற நிபுணரின் நாற்காலியில் உட்காருங்கள். தேதியம்மா எதிரே இருக்கிறார், நோட்டு மேஜையில் இருக்கிறது, மணி பதினொன்றரைக்கு மேல் ஆகிறது. நான் ஓரத்தில் இருக்கிறேன். என் பக்கம் திரும்புங்கள். அந்தக் கேள்வியை இன்னொரு தடவை என்னிடம் கேளுங்கள்.